கடைசி பெஞ்சை யாருக்கு எழுதி வைப்பது?



பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிகிற நேரம் இது. கடைசித் தேர்வு எழுதிவிட்டு உங்கள் வீட்டுப் பிள்ளை சட்டை முழுக்க நண்பர்களின் கையெழுத்தோடும் நீல மையோடும் வந்து நின்றிருக்கலாம். அந்தச் சட்டையைத் துவைப்பதா, அப்படியே பீரோவில் வைப்பதா என்று வீட்டில் பஞ்சாயத்தும் நடந்திருக்கலாம். பள்ளியை விட்டுப் போகும்போது எதையாவது விட்டுச் செல்ல வேண்டும், எதையாவது கொண்டு செல்ல வேண்டும் என்கிற ஆசை எல்லா ஊர்ப் பிள்ளைகளுக்கும் உண்டு. அந்த ஆசையில் பிறந்த ஒரு வேடிக்கையான வழக்கத்தின் வரலாற்றை இந்த முறை பார்ப்போம்.

அமெரிக்கப் பள்ளிகளில் இறுதியாண்டு மாணவர்கள் சேர்ந்து ஓர் உயில் எழுதுவார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பள்ளி ஆண்டு மலர்களில் இது வழக்கமான பகுதியாகிவிட்டது. வக்கீல் பத்திரம் எழுதும் அதே மிடுக்கான நடையில், தங்களிடம் இல்லாத சொத்துகளைக் கீழ் வகுப்புத் தம்பி தங்கைகளுக்கு எழுதி வைப்பார்கள். வகுப்பில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் திறமை ஒருவருக்கு, உட்கார்ந்தால் ஆடும் நாற்காலி இன்னொருவருக்கு என்று பட்டியல் நீளும். விழா மேடையில் அதை வாசிக்கும்போது ஆசிரியர்களும் சேர்ந்து சிரிப்பார்கள்.

இது அமெரிக்கர்கள் கண்டுபிடித்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஏறக்குறைய 1,650 ஆண்டுகளுக்கு முன்பே ரோமானியப் பள்ளிப் பிள்ளைகள் ஒரு பன்றிக்குட்டியின் உயிலை வாசித்து விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். சமையல்காரர் கத்தியோடு வந்து நிற்கிறார். பன்றிக்குட்டி கொஞ்சம் அவகாசம் கேட்டு உயில் சொல்கிறது. அப்பாவுக்கு இத்தனை மரக்கால் ஓக் கொட்டை, அம்மாவுக்கு இத்தனை மரக்கால் கோதுமை என்று முறையாகத் தொடங்கி, பிறகு தன் உடம்பையே பங்கு போடுகிறது. முடி செருப்புத் தைப்பவர்களுக்கு, காது செவிடர்களுக்கு, நாக்கு வக்கீல்களுக்கு! கல்லறையில் தன் வயது 999½ என்று பொறிக்கவும் சொல்கிறது. பிள்ளைகள் நல்ல நூல்களை விட்டுவிட்டு இதைப் படித்துச் சிரிக்கிறார்களே என்று கிறிஸ்தவ அறிஞர் ஜெரோம் குறைபட்டு எழுதினார். அவர் குறைபட்டதால்தான் இது பள்ளிகளில் எவ்வளவு பிரபலம் என்பது நமக்குத் தெரிகிறது.

பிரான்சில் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்ற பிரான்சுவா வியோன் என்ற கவிஞர், 1456இல் ஊரை விட்டுக் கிளம்பும்போது இதே பாணியில் ஒரு நீண்ட கவிதை எழுதினார். முடி திருத்துபவருக்குத் தன் தலையிலிருந்து வெட்டிய முடி, செருப்புத் தைப்பவருக்குத் தன் பழைய செருப்பு. கையில் காசில்லாதவரின் தாராள மனசு!

நம் ஊர்ப் பிள்ளைகள் இப்படி எழுதினால் எப்படி இருக்கும்? "நல்ல மனநிலையிலும் பிறர் தூண்டுதல் இன்றியும் எழுதி வைத்த உயில் சாசனம் என்னவென்றால்: மின்விசிறிக் காற்று எட்டாத மூலை இருக்கை, மதியம் மூன்று மணி வெயிலோடு சேர்த்துத் தம்பிக்கு. தாமதமாக வந்தால் சொல்லும் 'ரயில்வே கேட் போட்டுட்டாங்க சார்' என்ற காரணம், மேம்பாலம் திறக்கும்வரை ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது." சட்டப்படி இது செல்லாது. இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925இன்படி உயில் எழுதுபவர் மைனராக இருக்கக்கூடாது. இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் பலருக்கு 17 வயதுதான்.

ஆனால் உயில் என்ற பெயர் இல்லாமலே நம் பள்ளிகளில் இந்த வழக்கம் இருந்தது. பாடப்புத்தகம் விலை கொடுத்து வாங்கிய காலத்தில், மேல் வகுப்பு அண்ணனிடமோ அக்காவிடமோ பாதி விலைக்குப் புத்தகம் வாங்கியவர்கள் நம்மில் நிறையப் பேர். அந்தப் புத்தகத்தில் என்னென்ன இருந்தன? கணக்கின் ஓரத்தில் பென்சிலால் விடை, முக்கியமான கேள்விக்கு நட்சத்திரக் குறி, தலைவர்கள் படத்துக்கு மீசை, வாத்தியாரின் பட்டப்பெயர். பாதி விலைக்கு முழு அனுபவம் கிடைத்தது.

இங்கே ஒன்றை யோசித்துப் பாருங்கள். கடைசி பெஞ்சை எழுதி வைக்க வேண்டுமென்றால், முதலில் கடைசி வகுப்பு வரை வந்திருக்க வேண்டும். நம் மாவட்டத்தில் அது எளிதாகக் கிடைத்ததல்ல. விருதுநகர் க்ஷத்ரிய வித்யாசாலை 1889இல் தொடங்கப்பட்டது. ஊரார் மகமையாலும் வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த பிடி அரிசியாலும் வளர்ந்த பள்ளி அது. அங்கே படித்த காமராஜர் தந்தையை இழந்த பிள்ளை. ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு மாமாவின் துணிக்கடைக்குப் போனார். அவருக்குப் பிரிவு விழா நடக்கவில்லை.

1923இல் சிவகாசிக்குத் தீப்பெட்டித் தொழில் வந்தது. பிறகு பட்டாசும் அச்சும் வளர்ந்தன. ஊர் பிழைத்தது. ஆனால் பல தலைமுறைப் பிள்ளைகள் புத்தகப் பையை வைத்துவிட்டுத் தீப்பெட்டி ஒட்டவும் குச்சி அடுக்கவும் போனார்கள். விடியுமுன் வண்டி வந்து அழைத்துப் போனதை நம் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். 1986இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. சிவகாசிப் பிள்ளைகளுக்காக எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே விருதுநகர் மாவட்டம் பின்னர் பொதுத்தேர்வுத் தேர்ச்சியில் மாநிலத்திலேயே பல ஆண்டுகள் முதலிடம் பிடித்தது.

காமராஜர் முதல்வரானதும் செய்த வேலை தெரிந்ததுதான்: மதிய உணவு, ஊர்தோறும் பள்ளி, இலவசக் கல்வி. பாதியில் பள்ளியை விட்டவர், தனக்குப் பின்னால் வந்த பிள்ளைகளுக்கு எழுதி வைத்த சொத்து அது. உயில் எழுத அவரிடம் சொந்தச் சொத்து ஏதும் இருக்கவில்லை.

ஆகவே, இந்த ஆண்டு பள்ளி முடித்த பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் சிரிப்பு உயிலை ஒரு பக்க அளவில் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் போடுவோம். ஒரே ஒரு நிபந்தனை: அடுத்தவர் மனம் புண்படும் பட்டப்பெயரை யாருக்கும் எழுதி வைக்கக்கூடாது. அது உங்களோடு முடியட்டும்.

பெற்றோர்களே, பழைய காகிதக் கடைக்குப் போடுமுன் ஒரு நிமிடம். வழிகாட்டி நூல்கள், வினாவங்கி, ஜியோமெட்ரி பாக்ஸ், அட்லஸ், நல்ல நிலையில் உள்ள பை எதுவானாலும் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். பத்தாவதோடு நின்றுவிடலாமா என்று யோசிக்கும் பிள்ளை நம் அடுத்த தெருவிலேயே இருக்கலாம். அந்தப் பிள்ளையும் இரண்டு ஆண்டு கழித்துத் தன் பெஞ்சை யாருக்காவது எழுதி வைக்கட்டும்.