விக்கி இணைப்பு

விக்கி இணைப்பு என்பது ஒரு கட்டுரையின் அல்லது குறிப்பின் உரைக்குள்ளேயே எழுதப்பட்டு, அதே தொகுப்பில் உள்ள வேறொரு பக்கத்தைச் சுட்டும் குறியீடு ஆகும். பக்கத்தின் தலைப்பை இரட்டைச் சதுர அடைப்புக்குறிகளுக்குள் இடுவது இதன் அடிப்படை வடிவம்: [[ஏற்காடு]]. உரையிலிருந்து இக்குறியீடுகளைப் பிரித்தறிந்து வேறு வடிவங்களுக்கு மாற்றும் பணியை நிரல் நூலகங்கள் செய்கின்றன. ஆங்கில உரையை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட விதிகள், வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டி நிற்கும் தமிழ் உரையில் பல இடங்களில் இடறுகின்றன.

வரலாறு

முதல் விக்கித் தளத்தை வார்டு கன்னிங்காம் 1995இல் வெளியிட்டார். அதில் அடைப்புக்குறிகள் இல்லை. சொற்களை இடைவெளியின்றிச் சேர்த்து, ஒவ்வொன்றின் முதலெழுத்தையும் பெரிய எழுத்தாக இட்டால் அதுவே இணைப்பாயிற்று. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடே இல்லாத தமிழுக்கு இம்முறை பொருந்தாது. ஆங்கில விக்கிப்பீடியா 2001இல் யூஸ்மாட்விக்கி மென்பொருளில் தொடங்கி, அவ்வாண்டிலேயே இரட்டை அடைப்புக்குறி முறைக்கு மாறியது. பின்னர் வந்த மீடியாவிக்கியும் அதனையே கொண்டது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் இம்முறையையே பயன்படுத்துகின்றது. 2020இல் வெளிவந்த ஒப்சிடியன் போன்ற குறிப்பேட்டுச் செயலிகளிலும் இவ்வடிவம் உண்டு.

அமைப்பு

இணைப்பின் இலக்கும் வாசகர் காணும் சொல்லும் வேறுபடும்போது இடையில் குழாய்க்குறி இடப்படும்: [[ஏற்காடு|ஏற்காட்டில்]]. முன்னது இலக்கு, பின்னது காட்சிச் சொல். பொதுச் சொல்லே ஊர்ப்பெயராகவும் வழங்கும்போது அடைப்புக்குறி விளக்கம் சேர்க்கப்படும். ஏற்காடு மலைப்பாதை தொடங்கும் இடத்தின் பெயரான அடிவாரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. [[அடிவாரம் (ஏற்காடு)|]] என்று குழாய்க்குறிக்குப் பின் ஒன்றும் எழுதாமல் விட்டால், பக்கத்தைச் சேமிக்கும்போது மீடியாவிக்கி தானே "அடிவாரம்" என்ற காட்சிச் சொல்லை நிரப்பிவிடும்.

பின்னொட்டு

அடைப்புக்குறிக்கு வெளியே இடைவெளியின்றித் தொடரும் எழுத்துகளையும் மீடியாவிக்கி இணைப்போடு சேர்த்துக் காட்டும். ஆங்கிலத்தில் பன்மை விகுதிக்கு உதவும் இவ்வசதி, தமிழில் வேற்றுமை உருபுக்குப் பயன்படுகின்றது. [[சேர்வராயன் மலை]]யில், [[சேர்வராயன் மலை]]க்கு, [[சேர்வராயன் மலை]]ப் பகுதி என்பவற்றில் உருபும் மிகும் ஒற்றும் இணைப்புக்குள் அடங்கிவிடும்.

எல்லாச் சொற்களுக்கும் இது இயலாது. சேலம் என்பது "சேலத்தில்" என்றும், ஏற்காடு என்பது "ஏற்காட்டில்" என்றும் திரிவதால் குழாய்க்குறி கட்டாயம். மெய்யில் முடியும் பெயர்களில் சிக்கல் இன்னும் கூடுதல். கிளியூர் என்பதோடு "இல்" சேர்ந்தால் "கிளியூரில்" ஆகும். இகரக் குறியைத் தனியே பிரித்து அடைப்புக்குறிக்கு வெளியே வைக்க முடியாது. "[[கிளியூர்]]இல்" என்று எழுதினால் இணைப்பு சரியாக வேலை செய்யும். ஆனால் புணர்ச்சி கெடும்.

பிரித்தறிதலில் உள்ள இடர்கள்

ஒருங்குறியில் தமிழ் உயிர்க்குறிகளும் புள்ளியும் எழுத்துகள் என்று வகைப்படுத்தப்படவில்லை, அவை ஒட்டுக்குறிகள். பைத்தான் மொழியின் இயல்பான சுருங்குறித்தொடரில் சொல்லெழுத்துக்கான குறியீட்டைப் பயன்படுத்தினால் "தமிழ்" என்னும் சொல் "தம", "ழ" என இரண்டாகப் பிளந்துவிடும். இதே விதியால் பின்னொட்டைத் தேடும் நிரல், "மலையில்" என்பதில் யகரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு "ில்" என்பதை வெளியே விட்டுவிடும். மீடியாவிக்கியின் தமிழ் விதி ஒருங்குறியின் தமிழ்த் தொகுதி முழுவதையும் ஏற்பதால் அதில் இக்குறை இல்லை.

ஓகார உயிர்மெய்யை ஒரே குறியாகவும், இரட்டைச்சுழிக் கொம்பும் காலுமாக இரு குறிகளாகவும் சேமிக்கலாம். "பகோடா" என்று இரு வகையிலும் எழுதினால் கண்ணுக்கு ஒன்றே. கணினிக்கு இரண்டு தலைப்புகள். மீடியாவிக்கி உரையை ஒரே வடிவத்துக்கு நெறிப்படுத்திச் சேமிக்கின்றது. இப்படிச் செய்யாத நிரலில், இருக்கும் பக்கமும் இல்லாததாகத் தோன்றும்.

[[படிமம்:ஏற்காடு ஏரி|[[ஏற்காடு]] ஏரியின் தோற்றம்]] போன்று இணைப்புக்குள் இணைப்பு வருமிடத்தில், முதலில் காணும் மூடுகுறியோடு நின்றுவிடும் எளிய விதி பயன்படாது. தவிர, [[பகுப்பு:...]] என்பது இணைப்பன்று, பக்கத்தைப் பகுப்பில் சேர்க்கும் கட்டளை. முன்னால் ஒரு முக்காற்புள்ளி இட்டால்தான் அது இணைப்பாகும்.

நூலகங்கள்

பென் கர்டோவிக் எழுதிய எம்டபிள்யூபார்சர்ஃபிரம்ஹெல் என்னும் பைத்தான் நூலகம், மூல உரையை ஓரெழுத்தும் மாறாமல் காத்து இணைப்புகளைப் பிரித்துத் தரும். எனினும் பின்னொட்டு விதிகள் மொழிக்கு மொழி மாறுவதால் அவற்றைத் தான் ஏற்பதில்லை என்றும், மொழிபெயர்க்கப்பட்ட பெயர்வெளிப் பெயர்களை அறிவதில்லை என்றும் அதன் ஆவணமே கூறுகின்றது. ஆகவே "படிமம்" என்பது அதற்கு மற்றொரு பக்கத் தலைப்பு மட்டுமே. தமிழ்த் தானியங்கி எழுதுவோர் இவ்விரண்டையும் தாமே சேர்த்துக்கொள்ள வேண்டும். பைவிக்கிபாட் மொழிவாரிப் பின்னொட்டு விதிகளைக் கையாளும். பார்சாய்டு, விக்கியுரையை எச்.டி.எம்.எல் ஆகவும் மீண்டும் விக்கியுரையாகவும் மாற்றும். முதலில் சாவாக்கிறிட்டில் எழுதப்பட்ட இது 2019இல் பி.எச்.பி.க்கு மாற்றப்பட்டது.

வடிவ மாற்றம்

மார்க்டவுனில் காட்சிச் சொல் முன்னும் இலக்கு பின்னுமாக வரிசை தலைகீழாகும்: [ஏற்காட்டில்](ஏற்காடு). "சேர்வராயன் மலை" போன்று இடைவெளியுள்ள இலக்கை அப்படியே இட முடியாது. கோண அடைப்புக்குறிக்குள் வைக்கவோ குறியாக்கம் செய்யவோ வேண்டும். மார்க்டவுன் அட்டவணையில் குழாய்க்குறி கட்டங்களைப் பிரிக்கும் கோடாதலால், அங்கே விக்கி இணைப்பு எழுதும்போது அதற்குமுன் பின்சாய்கோடு தேவை.

குறியாக்கத்தில் தமிழ் முகவரிகள் மிக நீளும். யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டு. ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு 3 எழுத்தாகும். "ஏற்காடு" 7 குறிகளால் ஆனது. முகவரியில் 63 எழுத்துகள். "சேர்வராயன் மலை" 118 எழுத்துகள். தலைப்புக்கு மீடியாவிக்கி விதிக்கும் 255 பைட்டு வரம்பும் தமிழுக்கு 85 குறிகளாகச் சுருங்கிவிடுகின்றது. ஊர், வட்டம், மாவட்டம் மூன்றையும் கொண்ட நீண்ட பள்ளிப் பெயர்கள் இவ்வரம்பை எளிதில் தொட்டுவிடும்.