ரெசொல்யூஷன்: ஒரு நிலக்கரிக் கப்பலின் கதை

கேப்டன் குக்கை நாம் அறிவோம். அவரைத் தென்துருவப் பனிக்கடல்வரை சுமந்து சென்ற கப்பலுக்கும் நம் நாகப்பட்டினக் கடலுக்கும் உள்ள உறவை அறிந்தோர் நம்மில் எத்தனை பேர்?

1770-ல் இங்கிலாந்தின் விட்பி துறைமுகத்தில் அது கடலில் இறங்கியபோது பெயர் 'மார்க்விஸ் ஆஃப் கிரான்பி'. நிலக்கரி ஏற்றுவதற்கென்று கட்டிய, 462 டன் கொண்ட வணிகக் கப்பல். மறு ஆண்டே பிரிட்டிஷ் கடற்படை அதை விலைக்கு வாங்கி, 'ஸ்லூப்' எனப்படும் சிறு போர்க்கப்பல்களின் வரிசையில் சேர்த்தது. முதலில் 'டிரேக்' என்றுதான் பெயர் சூட்டினார்கள். ஸ்பானியரைக் கொள்ளையடித்தவரின் பெயர் ஸ்பெயினைச் சினமூட்டும் என்றஞ்சி 'ரெசொல்யூஷன்' என மாற்றினார்கள்.

போர்க்கப்பல்கள் பல இருக்க, கரி சுமக்கும் கப்பல் எதற்கு? குக் இளமையில் விட்பியின் நிலக்கரிக் கப்பல்களில்தான் தொழில் பழகினார். அவற்றின் அடிப்பகுதி தட்டையானது, தரைதட்டினாலும் சாயாது. ஆளற்ற தீவொன்றில் கரையேற்றிப் பழுதுபார்க்கலாம். அகன்ற வயிற்றில் பல மாதங்களுக்கான உணவும் நீரும் கொள்ளும். வேகமும் எழிலும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸ் தம் பரிவாரத்துக்காக அதன்மேல் கூடுதல் தளம் எழுப்பச் செய்தார். கப்பல் தலை கனத்துத் தள்ளாடியது. (தலைக்கனம் கப்பலுக்கு மட்டும்தானா என்று கேட்கத் தோன்றுகிறது.) கட்டியவற்றைப் பிரித்தெறிந்ததும் பேங்க்ஸ் வெகுண்டு பயணத்தையே துறந்தார்.

1772 ஜூலையில் புறப்பட்ட ரெசொல்யூஷன், 1773 ஜனவரி 17 அன்று அண்டார்க்டிக் வட்டத்தைக் கடந்தது. அதற்குமுன் எந்தக் கப்பலும் அதைக் கடந்ததாகப் பதிவில்லை. அடுத்த ஆண்டு 71 பாகை தெற்குவரை சென்று பனிச்சுவரின் முன் திரும்பியது. தெற்கே வளங்கொழிக்கும் பெருங்கண்டம் உண்டு என்ற நெடுநாள் நம்பிக்கை அத்துடன் கரைந்தது.

1776-ல் தொடங்கிய அடுத்த பயணம் வேறு கதை. துறைத் தொழிலாளர் அரைகுறையாகச் செப்பனிட்டிருந்ததால் கப்பல் வழியெங்கும் ஒழுகியது. 1779 பிப்ரவரியில் ஹவாய்த் தீவை விட்டு நீங்கிய சில நாள்களிலேயே புயலில் முன்பாய்மரம் பழுதுபட்டது. அதைச் சரிசெய்யத் திரும்பிய இடத்தில்தான், பிப்ரவரி 14 அன்று, தீவினருடன் மூண்ட பூசலில் குக் கொல்லப்பட்டார். மரம் உறுதியாக இருந்திருந்தால் அவர் அங்கே மீண்டிருக்கவே மாட்டார் என்றுதான் நாம் எண்ணுகிறோம்.

1780-ல் ஊர் திரும்பிய கப்பலுக்கு ஓய்வில்லை. படைச்சரக்கு சுமக்கும் கப்பலாகக் கிழக்கே அனுப்பப்பட்டு, 1782 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனின் படையிடம் சிக்கியது. ஜூலை 6 அன்று நாகப்பட்டினத்தருகே சுஃப்ரனும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் பொருதினர். அடிபட்ட பிரெஞ்சுக் கப்பல்களுக்கு மரமும் கயிறும் பிஸ்கட்டும் வாங்கிவர, பிடிபட்ட ரெசொல்யூஷனை அம்மாதமே மணிலாவுக்கு ஏவினார் சுஃப்ரன். ஓராண்டாகியும் அது வந்து சேரவில்லை. மூழ்கியிருக்கலாம், அல்லது ஆங்கிலேயரிடமே அகப்பட்டிருக்கலாம் என்று 1783 ஜூனில் அவர் தம் அச்சத்தைத் தெரிவித்தார்.