கயிற்றை இழுக்க முன்

பதிவு கொஞ்சம் நீளம். கடலோடும், கடலால் வந்தவர்களோடும் தொடர்புள்ளவர்கள் கடைசி வரை வாசியுங்கள்.

போன மாதம் ஒரு நாள் அஸருக்குப் பிறகு நம் ஊரில் ஒரு வீட்டு முற்றத்தில் பெடியன்கள் கூடி நின்றார்கள். நம்மிடம் படித்த ஒரு பிள்ளை, தன் வாப்பாவின் வாப்பா பாவித்த எஞ்சினை ஒரு மரக்கட்டையில் பூட்டிவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றில் கை வைத்துவிட்டார். "நில்லு மகன்!" என்று கத்தித்தான் நிறுத்த வேண்டியிருந்தது. அது 8 குதிரை வலு மண்ணெண்ணெய் எஞ்சின். அது கடைசியாக ஓடியது 1990 ஒக்டோபரில்.

இந்த எஞ்சினைப் பற்றி எழுதுவதென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நம் மூத்தவர்கள் பாயையும் துடுப்பையும் நம்பித் தொழில் செய்தவர்கள். வாடைக்கு ஒரு கரை, சோளகத்துக்கு ஒரு கரை என்று காற்றைப் பார்த்து வாடியை மாற்றினார்கள். படகின் பின்பக்கத்தில் பூட்டிக் கழற்றும் எஞ்சினை 1909இல் அமெரிக்காவின் மில்வோக்கி நகரில் விற்பனைக்குக் கொண்டுவந்தவர் ஒலே எவின்றூட், நோர்வேயில் பிறந்தவர். காதலிக்கு ஐஸ்கிறீம் வாங்கத் துடுப்புப் போட்டுக் களைத்ததால்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல கதை. ஜப்பானில் யமஹா கம்பனி தன் முதலாவது எஞ்சினை 1960இல்தான் வெளியிட்டது.

இலங்கையில் 1950களின் பிற்பகுதியில் அரசாங்கம் கடன் அடிப்படையில் மூன்றரைத் தொன் படகுகளைக் கொடுக்கத் தொடங்கியது. அவற்றில் எஞ்சின் உள்ளே இருக்கும். சாதாரண தொழிலாளிக்கு அது எட்டாத விலை. பதினேழரை அடி ஃபைபர் போட்டும் பின்னால் பூட்டும் எஞ்சினும் பரவிய பிறகுதான் நம் கரைகளில் மாற்றம் தெரிந்தது. தூக்கிக்கொண்டு போய் வீட்டில் வைக்கலாம், கழுவலாம், களவு போகாமல் கட்டிலுக்குக் கீழே தள்ளலாம். பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினால் செலவும் குறைவு. ஆனால் ஒரு ஒழுங்கு உண்டு. கரைக்கு வரும்போது நிறுத்துவதற்குச் சில நிமிடங்களுக்கு முன் மறுபடியும் பெற்றோலுக்கு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் காபரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கிவிடும், அடுத்த நாள் பிடிவாதம் பிடிக்கும். அந்தக் காலத்துச் சம்மாட்டிமார் இந்த ஒழுங்கில் கண்டிப்பானவர்கள்.

1980களின் நடுப்பகுதியிலிருந்து வடக்குக் கடலில் யுத்தக் கட்டுப்பாடுகள் வந்தன. எங்கே போகலாம், எத்தனை மணிக்குப் போகலாம், எத்தனை குதிரை வலு எஞ்சின் வைத்திருக்கலாம் என்பதெல்லாம் வேறு ஆட்களின் கையில் இருந்தது. ஓடாமல் கிடக்கும் எஞ்சினைப் பார்ப்பது நமக்கு அப்போதே பழகிவிட்டது.

பிறகு 1990 ஒக்டோபர் கடைசி வாரம். விடுதலைப் புலிகளின் உத்தரவால் வடமாகாணத்திலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் சில நாட்களுக்குள் வெளியேற்றப்பட்டோம். யாழ்ப்பாணத்து மக்கள் தரை வழியாகப் போனார்கள். மன்னார்த் தீவிலிருந்த நம்மில் பெரும்பாலானோருக்குக் கடல்தான் வழி. கைக்குழந்தைகளோடும் வயோதிபர்களோடும் கரையில் காத்திருந்து, கிடைத்த வள்ளத்தில் ஏறிக் கற்பிட்டிக்குப் போனோம். இந்த எஞ்சின் பூட்டிய போட்டில் மூன்று குடும்பங்கள் போனதாக அந்தப் பெரியவர் சொல்லுவார். கற்பிட்டிக் கரை தெரிந்ததும் ஆட்கள் தண்ணீரில் குதித்துவிட்டார்களாம். எஞ்சினை யாரோ அப்படியே நிறுத்திவிட்டார்கள். பெற்றோலுக்கு மாற்ற வேண்டும் என்று யாருக்கு அந்த நேரம் ஞாபகம் வரும்?

கற்பிட்டிக் களப்பில் ஏற்கெனவே அந்த ஊர் மக்கள் தொழில் செய்துகொண்டிருந்தார்கள். நமக்கு இடம் தந்தார்கள், சோறு தந்தார்கள். ஆனால் களப்பு ஒன்றுதான், வலைகள் அதிகம். பெரியவர் வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குப் போனார். போட்டை விற்றார். எஞ்சினை மட்டும் விற்கவில்லை. சாக்கில் சுற்றி, முகாம் குடிசையில் கட்டிலுக்குக் கீழே கிடந்தது. 2009இல் யுத்தம் முடிந்து, அதற்கடுத்த வருடங்களில் சில குடும்பங்கள் ஊர் திரும்பியபோது லொறியில் தட்டுமுட்டுச் சாமான்களோடு அதுவும் வந்தது. அவரது மகன் தொழிலுக்கு வேறு எஞ்சின் வாங்கினார். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியபோது அதுவும் மூலைக்குப் போனது. கடைசியில் கடனுக்கு விற்றார்கள். பேரனுக்கு இப்போது மிஞ்சியிருப்பது கட்டிலுக்குக் கீழே கிடந்ததுதான். கயிற்றில் கை வைத்ததன் காரணம் அது. புதிது வாங்க வழியிருந்தால் அவர் அதைத் தொட்டிருக்கவே மாட்டார்.

அன்று பின்னேரமே எஞ்சின் திருத்தும் ஒரு மாமாவைக் கூட்டி வந்தோம். வயது எழுபதைத் தாண்டியவர். வந்தவர் முதலில் பெடியனின் சாரத்தைப் பார்த்து, "காற்சட்டை போட்டுக்கொண்டு வா" என்றார். மூடி கழற்றிய எஞ்சினில் பிளைவீல் வெளியே சுற்றும். சாரத்தின் நுனி பட்டால் ஆளையே இழுத்துவிடும். நம் ஊரில் அப்படி விரல் போனவர் இருக்கிறார்.

பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையால் ஒரு கரண்டி அளவு டூ-ஸ்ட்ரோக் ஒயில் விட்டார். இரண்டு நாள் அப்படியே விடச் சொன்னார். வருடக்கணக்கில் படுத்துக் கிடந்த எஞ்சினில் கீழ்க்காலில் நின்ற உப்புத் தண்ணீர் சிலிண்டர் வரை இறங்கியிருக்கலாம். பிஸ்டன் வளையங்கள் துருப்பிடித்து ஒட்டியிருந்தால், பலமாக ஒரு இழுவை இழுத்தாலே உடையும். அந்த வளையங்களுக்கு இன்று எந்தக் கடையில் போய் நிற்பது?

இரண்டு நாள் கழித்து வந்து கீழ்க்காலைத் திறந்தார். ஒரு போல்ட் முறிந்தது. தண்ணீர் பம்புக்குள் இருக்கும் றப்பர் சுழலி கல்லைப்போல் இறுகி, இதழ்கள் ஒரு பக்கமாய் மடிந்து கிடந்தன. அதோடு ஸ்டார்ட் பண்ணியிருந்தால் தண்ணீர் ஏறாது, எஞ்சின் வெந்துபோயிருக்கும். கியர் ஒயிலை வடித்தபோது பால் நிறத்தில் வந்தது. தண்ணீர் கலந்ததன் அடையாளம், சீல் மாற்ற வேண்டும் என்றார். புது ஒயிலைக் கீழ்த் துளையால் ஏற்ற வேண்டும், மேல் துளையால் வழியும் வரை. மேலேயிருந்து ஊற்றினால் காற்று அடைத்து அரைவாசிதான் நிரம்பும். சுழலியும் சீலும் மாற்றிய பிறகுதான் பிளைவீலைக் கையால் சுற்றிப் பார்த்தார், கயிறு இழுக்கும் திசையில் மட்டும். மெதுவாக, தடையில்லாமல் சுற்றியது. அப்போது பெடியனின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பிறகு புது பிளக்கை எஞ்சின் உடம்பில் தொடவைத்து நெருப்புப் பொறி வருகிறதா என்று பார்த்தார். பெற்றோல் போத்தல் அதுவரை முற்றத்துக்கே வரவில்லை. வேலிக்கு அப்பால் இருந்தது.

காபரேட்டரைத் திறந்தபோது எல்லோரும் குனிந்து பார்த்தோம். கிண்ணத்தின் அடியில் கறுத்த பிசின். ஒயில் கலந்த மண்ணெண்ணெய் காய்ந்து இறுகியது. கற்பிட்டிக் கரையில் பெற்றோலுக்கு மாற்றாமல் நிறுத்திய அந்த மண்ணெண்ணெய்தான். மாமா கத்தியால் சுரண்டப் போனார். பெரியவர் திண்ணையிலிருந்து எழும்பி வந்து, விரலால் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்பப் போய் உட்கார்ந்தார். நாமும் எதுவும் கேட்கவில்லை.

பழைய குழாய்களையெல்லாம் வீசிப் புதிது போட்டு, ஒயில் அளவைக் கம்பனிப் புத்தகத்தில் பார்த்துப் புதுப் பெற்றோலில் கலந்து, புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, நீல ட்ரம்மில் அதற்கு மேலுள்ள தட்டு மூழ்கும் வரை தண்ணீர் நிரப்பினோம். திறந்த வெளி, பக்கத்தில் ஒரு வாளி மண், கியர் நியூட்ரலில். ஆறாவது இழுவையில் பிடித்தது. வெள்ளைப் புகை முற்றத்தை மூடியது. மாமா புகையைப் பார்க்கவில்லை. பின்னால் தண்ணீர் பீச்சும் துளையையே பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் வரவில்லை, உடனே நிறுத்தினார். துளையில் மெல்லிய கம்பி விட்டு உப்பைக் குத்தி எடுத்து மறுபடி இழுத்ததும் நூல்போல் வந்து, பிறகு தாரையாக வந்தது. நான்கு நிமிடம் மெதுவான வேகத்தில் ஓடவிட்டார்.

இன்னும் கடலுக்குப் போகவில்லை. பெற்றோலிலிருந்து மண்ணெண்ணெய்க்கு மாற்றும் டெப் கசிகிறது. 1980களின் 8 குதிரை வலு மண்ணெண்ணெய் எஞ்சினின் அந்த டெப்போ, காபரேட்டர் கஸ்கெட்டோ புத்தளம், கற்பிட்டிப் பக்கம் யாரிடமாவது இருந்தால் உள்பெட்டியில் அறியத் தாருங்கள், விலை தருவோம். அந்த வாரம் கடலால் வந்தவர்கள் எந்தக் கரையில் ஏறினீர்கள், எத்தனை பேர் வந்தீர்கள், என்ன எஞ்சின் என்பதைக் கீழே எழுதுங்கள். பாடசாலைப் பிள்ளைகளை வைத்து ஒரு கொப்பியில் பதிந்துகொண்டிருக்கிறோம்.