குழித்தறியிலும் வயலிலும் பூச்சிக்கடி: தடுப்பதும் தணிப்பதும்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியில் பட்டு நெய்பவருக்குப் பகல் முழுவதும் கால்கள் குழிக்குள்தான். இருட்டும் ஈரமும் உள்ள அந்த இடம் கொசுவுக்கு மிகவும் பிடிக்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில்தான் கடிக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

கொசு என்றாலே நொச்சி, வேப்பிலை மூட்டம் போடுவது நம் வழக்கம். மாட்டுக் கொட்டகைக்கு அது சரி. தறி அறையில் வேண்டாம்; புகைக்கரி பாவில் படியும், நெய்பவரின் நுரையீரலுக்கும் கெடுதல். அதற்குப் பதிலாக 100 மி.லி. தேங்காய் எண்ணெயில் 2 மி.லி. வேப்ப எண்ணெய் கலந்து, முழங்காலுக்குக் கீழே மட்டும் தடவிக்கொள்ளுங்கள். இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் தடவ வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகே இழையைத் தொடுங்கள். எண்ணெய்க் கறை பட்டால் சேலையின் விலை போய்விடும். வேப்ப எண்ணெய் பிள்ளைகள் வாயில் போகக் கூடாது. கைக்குழந்தைக்குக் கொசுவலையே போதும்.

சாயம் தோய்க்கவும் வீட்டுக்கும் நீர் பிடித்து வைக்கும் தொட்டிகளை வாரம் ஒருமுறை காலி செய்து, உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். ஏடிஸ் முட்டை சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் பல மாதம் உயிரோடு இருக்கும். நீரை மட்டும் கொட்டினால் பயனில்லை.

நெல் வயலை ஒட்டிய வீடுகளில் இரவு விளக்கைத் தேடி, எறும்பு போல நீண்ட, ஆரஞ்சும் கருப்புமான சிறு வண்டு வரும். அது கடிப்பதில்லை. உடலில் வைத்து நசுக்கினால் கசியும் நீர்தான் மறுநாள் கோடு போட்டதுபோல் கொப்புளமாகிறது. ஊதித் தள்ளிவிட்டு அந்த இடத்தைச் சோப்பால் கழுவுங்கள். இதற்காக வயலில் மருந்து அடிக்காதீர்கள். புகையானைத் தின்னும் நண்பன் அது.

சாதாரணக் கடிக்குச் சோப்பால் கழுவி, குளிர்ந்த நீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் வையுங்கள். சோற்றுக் கற்றாழை தடவுவதானால் மஞ்சள் பாலை நன்றாகக் கழுவிய பிறகு சோற்றை மட்டும் எடுங்கள்; அந்தப் பாலே சிலருக்கு அரிப்பைத் தரும். சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், சாணம் எதுவும் வேண்டாம். தேனீ கொட்டினால் கொடுக்கை உடனே நகத்தால் சுரண்டி எடுங்கள். முகம் வீங்கினாலோ, மூச்சு திணறினாலோ 108-ஐ அழையுங்கள்.

கை வைத்தியம் அறவே உதவாத கடி ஒன்று உண்டு. புதரிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்கே தெரியாத உண்ணியின் இளம்புழு கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் அது. 2024 இறுதியில் தமிழக சுகாதாரத் துறை எச்சரித்த மாவட்டங்களில் காஞ்சிபுரமும் ஒன்று. கடித்தது தெரியாது, வலிக்காது. சில நாள் கழித்துக் காய்ச்சலும் தலைவலியும் வரும். பலருக்கு அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் சிகரெட்டால் சுட்டதுபோல் கருகிய புண் இருக்கும். டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்தை உடனே தொடங்கினால் எளிதில் குணமாகும். தாமதித்தால் நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படும்.

வரப்பில் புல் அறுக்கும்போது முழுக்கை சட்டை போடுங்கள். வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் குளித்து, உடுத்திய துணியை வெந்நீரில் துவையுங்கள். காய்ச்சல் வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில், கேட்காவிட்டாலும், புதரில் வேலை செய்ததைச் சொல்லி அந்தக் கருகிய புண்ணையும் காட்டுங்கள்.