பரீட்சையின்றிப் பெற்ற சன்னது

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், சட்டக் கல்லூரியில் மூன்றாண்டு பயின்று பட்டம் பெற்றவரும், மாநிலந்தோறும் நடைபெறும் பரீட்சையில் தேறினாலன்றி வழக்காடும் சன்னது பெறுவதில்லை என்பது நெடுங்காலச் சம்பிரதாயம். 1870-ஆம் ஆண்டு முதல் உள்ளூர்க் கல்லூரிப் பட்டத்தையே போதிய யோக்கியதாம்சமாக ஏற்றுவரும் விஸ்கான்சின் மாநிலம் அதற்குப் பிரதான விலக்கு.

2020-இல் கொரோனாக் கொள்ளைநோய் பரவி, பல நூறு பேர் ஒரே மண்டபத்தில் கூடியமர்ந்து எழுதுவது பிராணாபாயம் என்ற நிலை வந்தபோது, யூட்டா மாநில உச்ச நீதிமன்றம், தகுதியுடைய பட்டதாரிகள் அனுபவம் வாய்ந்த வழக்கறிஞரின் மேற்பார்வையில் 360 மணி நேரம் பணிபுரிந்தால் பரீட்சையின்றியே சன்னது பெறலாம் என்று ஏப்ரல் மாதத்தில் உத்தரவிட்டது. வாஷிங்டன், ஓரிகான், லூயிசியானா மாநிலங்களும், பின்னர்த் தலைநகரப் பிரதேசமும், தத்தம் நிபந்தனைகளோடு அவ்வழியே சென்றன. வேறு பல மாநிலங்கள் பரீட்சையை அக்டோபருக்கு ஒத்திவைத்து, அவரவர் இல்லத்திலிருந்தே கணினி வழியாக எழுதச் செய்தன. சில மாநிலங்களோ முகக்கவசமும் இடைவெளியும் விதித்து, ஜூலையிலேயே மண்டபங்களில் நடத்தின.

உத்தியோகமிழந்தோரும் வாடகை செலுத்த வகையற்றோரும் சட்ட உதவியை நாடி நின்ற அக்காலத்தில், பயின்றவரைக் காத்திருக்க வைப்பது எளியோருக்கே நஷ்டம். கட்சிக்காரரைக் காப்பதே சன்னதின் லட்சியம். பரீட்சை அதற்கு ஒரு சாதனமேயன்றி, அதுவே லட்சியமாகாது.