சாகஸ் இதயநோயில் துடிப்புக் கோளாறை முன்னறிதல்: மரணக் கணிப்பு மட்டும் போதுமா?

1909இல் பிரேசிலின் லசான்ஸ் என்ற ஊரில் மருத்துவர் கார்லோஸ் சாகஸ் கண்டறிந்த நோய் இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. மண்சுவர் விரிசல்களில் பதுங்கியிருந்து இரவில் ரத்தம் குடிக்கும் பூச்சியின் கழிவு வழியே டிரிப்பனோசோமா குரூசி என்னும் ஒட்டுண்ணி உடலுக்குள் நுழைகிறது. தொற்று கண்டவர்களில் நூற்றுக்கு 20 முதல் 30 பேருக்குப் பல ஆண்டுகள் கழித்து இதயம் பழுதாகிறது. அவர்களில் கணிசமானோரின் முடிவு திடீர் மரணம். கீழறை திடுமெனத் தறிகெட்டுத் துடிப்பதே அதற்கு முதன்மைக் காரணம். யாருக்கு அது நேரும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடியுமா?

இதற்குப் பெரிதும் பயன்படுவது அனிஸ் ரஸ்ஸியும் சக ஆய்வாளர்களும் 2006இல் வெளியிட்ட மதிப்பெண் முறை. சிறு வேலைக்கே மூச்சு வாங்கும் அளவுக்கு இதயம் தளர்ந்திருந்தால் 5, எக்ஸ்ரேயில் இதயம் பெருத்திருந்தால் 5, எக்கோவில் சுவரசைவு குறைந்திருந்தால் 3, நாள் முழுதும் இசிஜி எடுக்கும் ஹோல்டர் பதிவில் சிறுபொழுது நீடிக்கும் கீழறை மிகைத்துடிப்பு தென்பட்டால் 3, இசிஜி அலைகள் தாழ்ந்திருந்தால் 2, ஆணாக இருந்தால் 2. கூட்டுத்தொகை 6க்குள் இருந்தால் பத்தாண்டு இறப்பு 10 விழுக்காடு. 7 முதல் 11 வரை 44. அதற்கு மேல் 84. எளிய கருவிகளைக் கொண்டே இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டியது பெரிய சாதனைதான்.

ஆனால் இம்முறை கணிப்பது மரணத்தை. துடிப்புக் கோளாறை அன்று. ஓர் ஆணுக்குச் சுவரசைவுக் குறையும் ஹோல்டரில் மிகைத்துடிப்பும் இருந்தால் மொத்தம் 8. ஒரு பெண்ணுக்குப் பெருத்த இதயமும் சுவரசைவுக் குறையும் இருந்தால் அவருக்கும் 8. முன்னவரை அச்சுறுத்துவது பெரும்பாலும் மின்கோளாறு. பின்னவரைப் படிப்படியான இதயத் தளர்ச்சி. ஒரே எண்ணைப் பார்த்து இருவருக்கும் ஒரே சிகிச்சை தரலாமா? கூடாது என்பதே என் வாதம்.

2024இல் வெளியான சாகாசிக்ஸ் ஆய்வும் இதையே உணர்த்துகிறது. ஹோல்டரில் மிகைத்துடிப்பும் குறைந்தது 10 மதிப்பெண்ணும் உள்ள 323 பேரில் ஒரு பாதியினருக்கு, தறிகெட்ட துடிப்பை மின்னதிர்வால் நிறுத்தும் டிஃபிப்ரிலேட்டர் கருவியைப் பொருத்தினார்கள். மறுபாதியினருக்குத் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் மருந்து கொடுத்தார்கள். கருவி பெற்றவர்களிடையே திடீர் மரணம் குறைந்தது. மொத்த இறப்பில் மட்டும் வேறுபாடு தெரியவில்லை. மின்கோளாறிலிருந்து காப்பாற்றப்பட்டவர்களை இதயத் தளர்ச்சி கொண்டுபோயிற்று என்றே நான் இதைப் படிக்கிறேன்.

துடிப்புக் கோளாறின் ஊற்று, நோய் இதயத் தசையில் விட்டுச்செல்லும் தழும்பில் இருக்கிறது. சாகஸ் நோயில் அத்தழும்பு இடது கீழறையின் நுனியிலும், அடிப்பகுதியின் பின்பக்கவாட்டுச் சுவரிலும் மிகுதி. தழும்புக்குள் பிழைத்துக் கிடக்கும் மெல்லிய தசையிழைகளில் மின்துடிப்பு மெதுவாக ஊர்ந்து, சுற்றி வந்து, புறப்பட்ட இடத்தையே மறுபடி தூண்டுகிறது. இச்சுழல் பல வேளைகளில் இதயத்தின் வெளிப்புறத்தை ஒட்டியே அமைகிறது. அதனால்தான் சாவோ பாவ்லோவில் எடுவார்டோ சோசா குழுவினர், நெஞ்சைத் திறக்காமல் ஊசிவழியே இதய உறைக்குள் சென்று சுழலைத் தேடும் முறையை 1996இல் அறிமுகப்படுத்தினர். இத்தகைய தழும்பு உள்ளவரின் இதயம் ரத்தத்தை ஓரளவு நன்றாகவே வெளியேற்றிக்கொண்டிருக்கலாம். ஆகவே, டிஃபிப்ரிலேட்டர் யாருக்குத் தேவை என்று முடிவெடுக்கப் பிற இதயநோய்களிலிருந்து எடுத்தாளப்படும் 35 விழுக்காடு வெளியேற்ற வரம்பு இங்கே பலரைத் தவறவிடும்.

எம்ஆர்ஐ தழும்பைக் காட்டும். ஆனால் நோயாளிகள் மிகுந்த சிற்றூர்களில் அக்கருவி இல்லை, இசிஜிதான் உண்டு. வலக் கற்றைக்கிளை அடைப்பும் இடது முன்கிளை அடைப்பும் சேர்ந்த, சாகஸ் நோயில் பழகிய இசிஜி வடிவத்தை அங்குள்ள மருத்துவர்கள் நன்கறிவர். 2025ஆம் ஆண்டின் பிசியோநெட் போட்டி, இசிஜியைக் கொண்டு சாகஸ் நோயாளிகளைக் கண்டறியும் கணினி நிரல்களைக் கேட்டது. யாருக்கு நோய் என்பது ஒரு கேள்வி; அவர்களில் யாருடைய கீழறை தறிகெடும் என்பது அடுத்த கேள்வி. அதற்கு விடை காண, ஒரே நோயாளியின் இசிஜி ஆண்டுதோறும் சேகரிக்கப்பட வேண்டும். இறந்தவர் எப்படி இறந்தார், திடீரென்றா, தளர்ந்தா என்பதும் பிரித்துப் பதியப்பட வேண்டும். அவ்விரண்டும் இல்லாத தரவில் பயிலும் நிரல், மரணத்தை மட்டுமே கணிக்கும் இன்னொரு மதிப்பெண்ணாகவே முடியும்.