கணக்கில் வராத வாய்க்கால்

காமர்ஸ் படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைப் பார்த்தாலும் 'வரவு என்ன, செலவு என்ன, கையிருப்பு என்ன?' என்று மனசு கூட்டிக் கழிக்க ஆரம்பித்துவிடும். மழையைப் பார்த்தாலும் அப்படித்தான்!

2024 நவம்பர் 30-ம் தேதி இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்ததோடு போயிருந்தால் பரவாயில்லை... உள்ளே வந்து உட்கார்ந்து கொட்டித் தீர்த்தது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. டிசம்பர் 2-ம் தேதி அதிகாலை, சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் திருக்கோவிலூர் பக்கம் தொடங்கி, கடலூர் வரை ஆற்றங்கரை ஊர்கள் தத்தளித்தன.

இதே மாவட்டத்துக்கு மே மாதம் போய்ப் பாருங்கள். ஏரிக்குள் மாடு மேயும். பையன்கள் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடுவார்கள். பக்கத்துத் தோட்டத்தில் போர்வெல் லாரி இரைந்துகொண்டிருக்கும்.

வரவில் குறைவில்லை. கையிருப்புதான் இல்லை. அப்படியானால் நடுவில் எங்கே ஓட்டை?

விடை தேட, மாவட்டத்தின் மேற்கே கல்வராயன் மலைக்குப் போக வேண்டும். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு இது. இங்கே பெய்கிற மழைதான் கோமுகி ஆறாகவும் மணிமுக்தா ஆறாகவும் இறங்குகிறது. இரண்டும் பிற்பாடு ஒன்றாகி, விருத்தாசலத்தைத் தொட்டு, வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டை அருகே கடலுக்குப் போய்விடுகின்றன. மலையிலிருந்து கடல் ஒன்றும் வெகு தூரமில்லை. விட்டால் இரண்டு, மூன்று நாளில் மொத்தத் தண்ணீரும் காலி!

அதைத் தடுத்து, 'கொஞ்சம் உட்கார்ந்துட்டுப் போங்க' என்று சொல்ல நம் முன்னோர்கள் செய்த ஏற்பாடுதான் ஏரி. ஒரு ஏரி இல்லை, ஏரிகளின் சங்கிலி. வரத்துக்கால் வழியாகத் தண்ணீர் வரும். மதகு வழியாக வயலுக்குப் போகும். மிஞ்சியது கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஏரிக்கு ஓடும். மேல் ஏரியின் உபரிதான் கீழ் ஏரியின் வரவு. தமிழ்நாட்டில் இப்படிச் சுமார் 39 ஆயிரம் ஏரிகள் இருப்பதாக அரசுக் கணக்கு சொல்கிறது.

வெட்டியது பெரிய விஷயமில்லை. பல நூறு வருஷம் அவை தூர்ந்துபோகாமல் எப்படித் தாக்குப்பிடித்தன? அங்கேதான் என் காமர்ஸ் புத்தி உற்சாகமாகிறது.

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூருக்கு ஒரு நடை போய்வரலாம். அங்கே முதலாம் பராந்தக சோழன் காலத்து, கி.பி. 919 மற்றும் 921-ம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலைத் தேர்தல் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அந்தத் தேர்தலில் தேர்வாகிறவர்களில் 6 பேர் 'ஏரி வாரியம்'. பதவிக்காலம் 360 நாள். பதவியில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி குடவோலையில் பெயர் போட முடியாது. அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவுக்காரர்களும்தான்! 'ஏரிப்பட்டி' என்று ஏரிப் பராமரிப்புக்கென்றே நிலத்தை ஒதுக்கிய கல்வெட்டுகளும் தமிழ்நாட்டில் உண்டு. அதாவது ஏரி என்பது ஒருமுறை செய்யும் முதலீடு மட்டுமல்ல. வருஷா வருஷம் தேய்மானம் ஒதுக்க வேண்டிய சொத்து என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

உடனே 'ஆஹா, அது பொற்காலம்!' என்று நெகிழ்ந்துவிட வேண்டாம். உத்திரமேரூர் சபை, நிலம் வைத்திருந்த பிராமணர்களின் சபை. ஏரியில் இறங்கி மண் சுமந்தவர்களுக்குக் குடவோலையில் இடமில்லை. பிற்காலத்தில் 'குடிமராமத்து' என்று பெயர் பெற்ற ஊர்க்கூட்டு வேலையிலும் கதை இதுதான். கணக்குப் பார்த்தவர் ஒருத்தர், கூடை தூக்கியவர் வேறொருத்தர். பாசனம் யாருக்கு அதிகம் என்று கேட்டால் பதில் உங்களுக்கே தெரியும்.

பிறகு வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். நில வரி நேராக கஜானாவுக்குப் போனது. ஏரிக்கென்று ஊரில் தங்கிய பங்கு சுருங்கியது. ஆனால், மராமத்து மட்டும் 'உங்க வழக்கம்தானே, நீங்களே பாருங்க' என்று குடிகள் தலையில் நின்றது. 1858-ல் சென்னை மாகாணத்தில் பொதுப்பணித் துறை வந்தது. அதே 1858-ல் ஒரு கட்டாய உழைப்புச் சட்டமும் வந்தது. கரை உடைகிற ஆபத்து என்றால், உழைக்கும் வகுப்பாரைக் கட்டாயமாக வேலைக்குக் கூப்பிடலாம். வழக்கப்படி செய்ய வேண்டிய மராமத்துக்கு வராதவர், அந்த உழைப்பின் மதிப்பைப் போல இரண்டு மடங்கு கட்ட வேண்டும்! ஊர் வழக்கம் அபராதமாக மாறியது. அபராதம் போட்டு ஏரியைக் காப்பாற்ற முடியுமா?

முடியவில்லை. 1876-78 பஞ்சம் லட்சக்கணக்கான உயிர்களை வாரிக்கொண்டு போனது. அதற்குப் பிறகுதான் விழித்துக்கொண்டு, 1883-ல் ஏரிகளை அளந்து சீரமைக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள்.

சுதந்திரத்துக்குப் பின் கச்சிராயபாளையம் அருகே கோமுகி அணை, அப்புறம் மணிமுக்தா அணை. நல்ல காரியங்கள்தான். அந்தத் தண்ணீரால் பச்சையான வயல்கள் ஏராளம். ஆனால் அணையும் பம்ப்செட்டும் வந்தபின், ஏரிக்கரைப் பக்கம் எட்டிப்பார்க்கிற பழக்கம் போய்விட்டது.

இன்றைக்கு இந்தத் தண்ணீர் யார் பொறுப்பு? மலையில் காடு, வனத்துறை. (ஜாகீர்தார்கள் வசமிருந்த கல்வராயன் மலை, அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்ததே 1976-ல்தான்!) 100 ஏக்கருக்கு மேல் பாசனமுள்ள ஏரி, நீர்வளத் துறை. அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். புறம்போக்கு நிலம், வருவாய்த் துறை. டவுனுக்குள் நுழைந்தால் நகராட்சி. ஒரே தண்ணீர், ஐந்து பேரேடு! ஒவ்வொருவர் கணக்கும் தனித்தனியாகச் சரியாகத்தான் இருக்கும். சேர்த்துக் கூட்டத்தான் ஆள் இல்லை.

இதில் அதிகம் அடிபட்டது ஏரி இல்லை... வாய்க்கால். ஏரி பெரிசு, கண்ணுக்குத் தெரியும். தூர்வாரினால் போட்டோ எடுக்கலாம். 2017-ல் குடிமராமத்து என்ற பெயரிலேயே அரசு மறுபடி திட்டம் தொடங்கியது. ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. ஓடைப் புறம்போக்கை ஆக்கிரமிப்பதற்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றம் 2005-ல் கடுமையான தீர்ப்பே கொடுத்திருக்கிறது. இருந்தும் பத்தடி அகல வரத்துக்கால், முதலில் வேலிக்குள் போகிறது. அப்புறம் வீட்டு மனை. கடைசியில் அதன்மேல் சிமென்ட் ரோடு. ஏரியை எவ்வளவு ஆழமாகத் தோண்டினாலும், வரத்துக்கால் இல்லையென்றால் அது வெறும் பள்ளம். கலங்கலுக்குக் கீழே வழியில்லை என்றால், உபரித் தண்ணீர் உங்கள் வீட்டு ஹாலில்தான் வந்து நிற்கும். சாலையோர மழைநீர் வடிகாலும் அப்படியே. அது ஒரு ஓடையிலோ ஏரியிலோ போய்ச் சேராவிட்டால், ஒரு தெருவின் தண்ணீரை அடுத்த தெருவுக்குத் தள்ளிவிடும் வேலையை மட்டும்தான் செய்யும்.

என்ன செய்யலாம்? புரட்சியெல்லாம் வேண்டாம் சார். கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேடு என்று ஒன்று இருக்கிறது. ஊரில் ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன நிலம் என்று அதில் எழுதியிருக்கும். புலப்படத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, 'வாய்க்கால்', 'ஓடை' என்று போட்டிருக்கும் எண்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த வழியில் நடந்து பாருங்கள். மழைக்கு முன்னால், நாலு பேராகச் சேர்ந்து நடந்தால் இன்னும் நல்லது. எங்கே அடைபட்டிருக்கிறது என்று எழுதி, கிராம சபையில் படியுங்கள்.

நடக்கும்போது ஒரு விஷயத்துக்குத் தயாராக இருங்கள். வாய்க்காலை மறித்து நிற்பது ஒரு பெரிய கல்யாண மண்டபமாக இருக்கலாம். போக வேறு இடமில்லாத ஓர் ஏழையின் குடிசையாகவும் இருக்கலாம். குடிசைக்காரருக்கு மாற்று இடம் கொடுத்துவிட்டுத்தான் கடப்பாரையை எடுக்க வேண்டும். மண்டபத்துக்குப் பயந்து குடிசையை மட்டும் இடித்தால், நாம் எழுதுவதும் பொய்க்கணக்குதான்.

பட்டா மாறலாம், பெயர் மாறலாம், மாவட்டம்கூட மாறலாம். 2019 வரை இது விழுப்புரம் மாவட்டம்தானே! ஆனால் சரிவு மாறுவதில்லை. அடுத்த பெருமழையில் கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் தண்ணீர், அந்தப் பழைய வாய்க்கால் வழியாகத்தான் வரும். அங்கே இப்போது யார் வீடு இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

நமக்குத் தெரியும். தெரிந்தவர்கள்தான் கணக்குக் காட்ட வேண்டும்.